இனிஷியல் மாறிய வக்கீல்

நடந்தவை, வரிசையாக:

1. கென்டக்கியில் ஒரு சோளக்காட்டுக்காரர் வீட்டில் ஒருவர் பிறந்தார்.
2. கல்லூரிக்குப் போகவில்லை. டென்னசியில் ஒரு வக்கீலின் அறையில் உட்கார்ந்து, அவருக்கு நகல் எழுதிக் கொடுத்து, அவருடைய புத்தகங்களைப் படித்து வக்கீலானார்.
3. டெக்ஸாஸ் தனி நாடாக இருந்த காலத்தில் குதிரையில் அங்கே வந்து சேர்ந்தார்.
4. நீதிபதியோடு ஊர் ஊராகப் போய் வழக்காடினார். பன்றி வழக்கு, வேலி வழக்கு, குதிரைத் திருட்டு.
5. கல்யாணம் செய்துகொண்டார்.
6. ஆஸ்டினில் சட்டசபை உறுப்பினரானார். மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மாட்டைக் கணவனுடைய கடனுக்குப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது என்று சபையில் பேசினார்.
7. மனிதர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். அவர்களை விட்டுவிடக் கூடாது என்பதற்காக நடந்த போருக்கும் போனார். தோற்றுத் திரும்பினார்.
8. மறுபடியும் வழக்காடினார். வயதாகி இறந்தார்.
9. நூறு வருடத்துக்கும் மேல் கழித்து என் கணவருக்கு வேலை போயிற்று.

எட்டாவதற்கும் ஒன்பதாவதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

இரண்டாயிரத்து ஒன்றின் தொடக்கத்தில், டெக்ஸாஸில் நாங்கள் இருந்த ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. நானும் என் கணவரும் ஒரே சாலையில் எதிரெதிர்க் கட்டடங்களில் வேலை பார்த்தோம். அவருடைய கட்டடத்தில் ஒரு நாள் காலையில் அவர் குழுவினர் எல்லோரையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, மதியத்துக்குள் அட்டைப்பெட்டியோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். என் கட்டடத்தில் அன்றைக்கு ஏதோ ரிலீஸ் முடிந்ததற்காகப் பிட்ஸா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை. தப்பு செய்பவர்களை அனுப்பிவிட்டாலும் கண்டுபிடிப்பவர்களைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்வார்கள்.

கல்யாணமானதும் நான் இந்த நாட்டுக்கு வந்தது அவருடைய விசாவைப் பிடித்துக்கொண்டு. ஹெச்-ஃபோர். மனைவி என்ற ஒரே தகுதியில் கொடுப்பது. பிறகு எனக்கு வேலை கிடைத்து என் பெயரிலேயே ஹெச்-ஒன், வேலை பார்ப்பதற்கான விசா, வந்தது. இப்போது அவர் வேலை போனதும் என்னுடையதைப் பிடித்துக்கொண்டு ஹெச்-ஃபோருக்கு மாறினார். ஹெச்-ஃபோரில் இருப்பவர் சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. ஒரு பிறந்தநாள் விருந்தில் யாரோ அவரை "ஹெச்-ஃபோர் மாப்பிள்ளை" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் விருந்துகளுக்கு வருவதில்லை.

வீட்டில் 'வேலை' என்ற சொல்லைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினோம். என் ஆபீசைப் பற்றி நானும் பேசுவதை நிறுத்தினேன். அவர் கராஜைக் கழுவினார். ரிமோட்டுகளுக்கெல்லாம் புது பேட்டரி போட்டார்.

அப்படி இருந்தபோதுதான் ஊர் நூலகத்தில் வாலண்டியர்கள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பக்கத்தில் பழங்காலத்தில் இருந்த ஒரு வக்கீலின் வம்சத்தவர்கள் இரண்டு பெட்டி நிறையக் காகிதங்களைக் கொடுத்திருந்தார்கள். அதைப் பிரித்து, படித்து, அடுக்கி, முன்கூடத்தில் ஒரு சின்னக் கண்காட்சி வைக்க வேண்டும். சம்பளம் இல்லாத வேலை, அதனால் விசாவுக்குப் பிரச்சினை இல்லை. போய் வாருங்கள் என்று நான்தான் அனுப்பினேன்.

சில வாரங்களில் செத்துப்போன அந்த மனிதர் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டார். இன்றைக்கு ஒரு பன்றி கேஸில் ஜெயித்துவிட்டார் என்பார் என் கணவர், ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே. ஊர் ஊராகப் போகும்போது சத்திரத்தில் இடமில்லாமல் எதிர்க்கட்சி வக்கீலோடு ஒரே கட்டிலில் படுத்துக்கொள்வாராம், காலையில் எழுந்து போய் கோர்ட்டில் சண்டை போடுவாராம். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் அந்த மனிதருக்குப் புளித்த மோரில் செய்த ரொட்டி பிடிக்கும் என்பது வரை தெரிந்து வைத்திருந்தவருக்கு, என் மேனேஜர் மாறி இரண்டு மாதம் ஆனது தெரியாது. செத்தவர் மேல் ஒருத்திக்குப் பொறாமை வருமா என்றால், வரும். எனக்கு வந்தது. ஆனாலும் அது தாங்கக்கூடிய அளவில் இருந்தது. செத்தவர் ஆண். பதில் பேச மாட்டார்.

பிறகு ஒரு நாள், அங்கே இன்னொரு வாலண்டியர் வருகிறாள், தூத்துக்குடிப் பெண் என்றார்.

பக்கத்து யுனிவர்சிட்டியில் படிக்க வந்தவள். நம் ஊரிலிருந்து வந்து இங்கே கம்ப்யூட்டர் படிக்காமல் சரித்திரம் படிக்கும் ஒரே ஆள் என்று அவளைப் பற்றித் தமிழர்கள் மத்தியில் பேச்சு உண்டு. என் மார்க்கைப் பார்த்து என்னைக் கேட்காமலே என்னை இன்ஜினியரிங்கில் சேர்த்தார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை, அவளைப் பார்க்கும் வரை.

முறைப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். சர்ச் முடிந்து நேரே வந்தாள், கையில் ஒரு கேக்கோடு. என்னை அக்கா என்றாள், அவரை அண்ணாச்சி என்றாள். எங்கள் ஊரில் மரியாதைக்கு எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவோம், கடைக்காரரைக்கூட என்று விளக்கம் சொன்னாள்.

"அப்ப என்னை மளிகைக் கடை வைக்கச் சொல்றியா?" என்றார் அவர்.

"வேலைவெட்டிதான் ஒண்ணும் இல்லல்லா, வைங்க அண்ணாச்சி."

என் கையில் இருந்த அப்பளத் தட்டு அப்படியே நின்றது. நாங்கள் இரண்டு மாதமாக எதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோமோ அதன் மேலேயே அவள் காலை வைத்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்தார். விருந்தில் சிரித்த சிரிப்பு இல்லை, கண்ணில் தண்ணீர் வரும் சிரிப்பு. கல்யாணமான புதிதில் நான் பார்த்தது. நான் ஆளுக்கொரு அப்பளம் வைத்தேன்.

அவருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புவேன். எலுமிச்சை சாதம் அல்லது தயிர் சாதம், ஓரத்தில் நார்த்தங்காய் ஊறுகாய். அம்மா போட்டு, பாலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி, சூட்கேஸில் புடவைகளுக்கு நடுவே வைத்து அனுப்பிய பாட்டில் அது. அடுத்து ஊருக்குப் போகும் வரை அதுதான். சாதாரணமாக எவ்வளவு குறையும் என்று எனக்குத் தெரியும். அந்த வசந்த காலத்தில் அது வேறு வேகத்தில் குறைந்தது. கேட்டேன். அவளுக்கும் பிடிக்கிறது, கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டு போகிறேன் என்று ஒளிக்காமல் சொன்னார். ஒளித்திருந்தால் எனக்கு ஏதாவது செய்ய வழி இருந்திருக்கும்.

சனிக்கிழமைகளில் நானும் நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். காகிதங்களுக்கு ஒரு டேட்டாபேஸ் செய்து தருகிறேன் என்று சொன்னேன். அது உண்மையிலேயே தேவையாகத்தான் இருந்தது. அந்த அறைக்குப் பொறுப்பாளரான வெள்ளைக்கார அம்மாள் மிகவும் சந்தோஷப்பட்டார். தேதி, இடம், எழுதியவர், பெறுநர், பொருள், குறிப்பு. ஜன்னலோரம் கம்ப்யூட்டர் முன்னால் நான். அறையின் அந்தப் பக்கம் நீள மேஜையில் அவர்கள் இருவரும், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு.

அங்கேதான் ஒரு சனிக்கிழமை அதைக் கேட்டேன்.

"ஏங்க, இதப் பாருங்களேன்."

நான் திரும்பினேன். ஏனென்றால் அது என் சொல். நான்கு பேர் முன்னால் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், இந்த நாட்டில் எல்லோரும் செய்வதுபோல. வீட்டில் எனக்கு அது வராது. வீட்டில் 'ஏங்க' என்றால் நான், 'ஏங்க'வுக்குத் திரும்புகிறவர் அவர். பஸ்ஸில் முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுவதும் அதே சொல்லால்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அண்ணாச்சி எங்கே போயிற்று? எப்போது போயிற்று? அவர் அந்தக் குரலுக்கு உடனே நாற்காலியை நகர்த்திக்கொண்டு அருகே போனார். வீட்டில் நான் மூன்று முறை கூப்பிட வேண்டும்.

அன்றைக்கு அவள் காட்டியது வக்கீலின் மனைவி எழுதிய ஒரு கடிதம். ஆஸ்டினில் சட்டசபை கூடும் மாதங்களில் அவர் வாராவாரம் மனைவிக்கு எழுதியிருந்தார், அந்த அம்மாளும் வாராவாரம் பதில் எழுதியிருந்தார். வேலி போட்டது, மழை பெய்யாதது, சின்னவனுக்குக் காய்ச்சல். கணவரை அவர் எந்தக் கடிதத்திலும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. மிஸ்டர் என்று போட்டு, குடும்பப் பெயரை எழுதியிருந்தார். கல்யாணமாகி ஏழெட்டுப் பிள்ளைகள் பெற்ற பிறகும் மிஸ்டர்தான்.

"இந்த அம்மாவும் நம்ம ஆளுதான் போல," என்றாள் அவள், என்னைப் பார்த்து. "வீட்டுக்காரர் பேரச் சொல்லாது."

மூவரும் சிரித்தோம். நானும்தான். அந்த அம்மாளுக்கு வாரம் ஒரு கடிதம் வந்தது என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

இனி அந்தத் தப்பு. எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

முதல் பெட்டியில் இருந்தவை கோர்ட் காகிதங்கள். கையெழுத்து ஜே என்ற இனிஷியலோடு குடும்பப் பெயர். இரண்டாவது பெட்டியில் சட்டசபைப் பேச்சுகள், கடிதங்கள். கையெழுத்து டி என்ற இனிஷியலோடு அதே குடும்பப் பெயர். என் கணவர் முதல் நாளே, இவர்கள் அண்ணன் தம்பி என்று முடிவு செய்துவிட்டார். அண்ணன் வக்கீல், தம்பி மெம்பர். அவளும் ஒத்துக்கொண்டாள். நானும்தான். இந்த ஊரில் கடைசிப் பெயர் குடும்பப் பெயர், முன்னால் இருப்பது அவரவர் பெயர் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இனிஷியல் மாறினால் ஆள் வேறு என்பது எங்களுக்குள் ஊறிப்போன விஷயம். என் காலேஜ் வகுப்பில் என் பெயரில் மூன்று பேர் இருந்தோம். யாரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒருத்தி ஆர், ஒருத்தி எஸ், நான் கே. பரீட்சைத் தாளில், ரேஷன் கார்டில், பத்திரத்தில், ஆளை ஆளிடமிருந்து பிரிப்பது அந்த ஓர் எழுத்துதான். அது மாறாது. டேட்டாபேஸிலும் ஜே-க்கு ஓர் எண், டி-க்கு ஓர் எண் என்று கொடுத்தது நான்தான்.

கண்காட்சியும் அப்படியே வளர்ந்தது. இடது சுவரில் அண்ணன், வலது சுவரில் தம்பி. சட்டத்தை வைத்துப் பிழைத்தவர் ஒருவர், சட்டத்தைச் செய்தவர் ஒருவர். அவள் இதைத் தன் வகுப்புக்கு ஒரு கட்டுரையாகவும் எழுதிக்கொண்டிருந்தாள். அடிமைகளாக வைத்திருந்தவர்களைப் பற்றி ஒரு தனிப் பலகை வேண்டும் என்றும் அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். சொத்துப் பட்டியலில் மாடுகளுக்குக் கீழே அவர்கள் பெயர்கள் இருந்தன. வெறும் பெயர்கள், முன்னும் பின்னும் ஓர் எழுத்துகூட இல்லாமல். என் கணவருக்குத் தன் கதாநாயகனைப் பற்றி அப்படி எழுத மனசில்லை. அவள் விடவில்லை. அவள் சொன்னது சரி. நான் அவள் பக்கம் பேசினேன். அவள் சொல்வது சரியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு காகிதம். வக்கீலின் மனைவி தன் பிறந்த வீட்டு நிலத்தில் ஒரு பகுதியை விற்ற பத்திரம். அடியில் கோர்ட் குமாஸ்தா எழுதியிருந்தார்: இந்தப் பெண்மணியைக் கணவரிடமிருந்து தனியே அழைத்துப்போய், பத்திரத்தில் உள்ளதை விளக்கிச் சொல்லி, விசாரித்தேன், தன் சொந்த விருப்பத்தின் பேரிலேயே கையெழுத்திட்டதாகச் சொன்னார் என்று. கல்யாணமான பெண் தன் சொத்தை விற்றால் அப்படித் தனியே கேட்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதியாம். புருஷன் கதவுக்கு வெளியில்தான் நின்றுகொண்டிருப்பான், இதில் என்ன பெரிய விருப்பம் என்றார் என் கணவர். நான் குறிப்பு என்ற கட்டத்தில் முழுவதையும் டைப் செய்தேன்.

ஜூன் கடைசியில் என் கம்பெனியும் முடிவெடுத்தது. ரிச்சர்ட்சனில் டெஸ்டிங் இருக்காது. என்னையும் இன்னும் சிலரையும் நியூ ஜெர்சிக்கு மாற்றுகிறார்கள். வராவிட்டால் வேலை போகும். வேலை போனால் என் விசா போகும், என்னுடையதைப் பிடித்துக்கொண்டிருக்கும் அவருடையதும் போகும். அதனால் போவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. அவர் என்னோடு வருவாரா என்பதுதான் கேள்வி. வருவார் என்று நினைத்து, அங்கே எடிசன் என்ற ஊரில் பிடித்த அப்பார்ட்மென்ட்டின் ஒப்பந்தத்தில் இரண்டு பெயர்களையும் எழுதிவிட்டேன்.

"நீ முன்னாடி போ," என்றார். "எக்ஸிபிஷன் ஜூலை கடைசியிலதானே. முடிச்சிட்டு ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி வந்துடறேன்."

ஒரு மாதம். சரி என்றேன். எக்ஸிபிஷன் முடிந்துவிட்டால் அவருக்கு இங்கே எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் இங்கே முடிக்க வேண்டியவற்றின் பட்டியலில் கடைசி வரி அதுதான்.

சாமான் கட்டும்போது என் சர்ட்டிஃபிகேட் ஃபைல் கைக்கு வந்தது. டிகிரியில் நான் கே. பாஸ்போர்ட்டில் வி, கணவர் பெயரின் முதல் எழுத்து. எழுத்து வேறாக இருப்பதால் விசாவுக்கு இது போதாது என்று சொல்லிவிட்டதால், சைதாப்பேட்டை கோர்ட் வாசலில் ஒரு நோட்டரியிடம் போய் ஒரு அஃபிடவிட் வாங்க வேண்டியிருந்தது. கே என்பவரும் வி என்பவரும் வேறு வேறு நபர்கள் அல்லர், இருவரும் ஒருவரே. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். இனிஷியல் மாறாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் யார்? மாறிய இனிஷியலோடு வாழ்கிறவள்.

அடுத்த சனிக்கிழமை டேட்டாபேஸைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். அதுவரை பெட்டி வாரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பி ஆஸ்டினில் சபையில் இருந்த மாதங்களில் அண்ணன் ஒரு வழக்கிலும் இல்லை. சபை முடிந்த மறுவாரம் அண்ணன் கோர்ட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு பேரும் ஒரே நாளில் இரண்டு இடத்தில் இருந்ததே இல்லை. இரண்டு பேர் மனைவிக்கும் ஒரே பெயர். அண்ணனும் தம்பியும் ஒரே பெயரில் பெண் பார்த்திருக்கிறார்கள் என்று அதைப் பற்றி ஜோக் அடித்திருந்தோம். அந்த அம்மாளாவது ஒரு கடிதத்தில் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் வசந்த காலத்திலேயே தெரிந்திருக்கும். அவர் மிஸ்டர் என்றே எழுதினார்.

ஒரே ஆள். முழுப் பெயரில் ஜேயும் டியும் இரண்டும் உண்டு. பக்கத்து ஜில்லாவில் ஜே என்ற எழுத்தோடு, அதே குடும்பப் பெயரில் ஒரு குதிரை வியாபாரி இருந்திருக்கிறான். அவனைத் தேடி வந்த கடன்காரர்கள் எல்லாம் இவர் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். தேர்தலில் நிற்பதற்கு முன்னால் இவர் ஜேயை விட்டுவிட்டு டியை எடுத்துக்கொண்டார்; வக்கீலாகப் பதிவான எழுத்து என்பதால் கோர்ட்டில் மட்டும் ஜே நின்றது. மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்றில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார், நாங்கள் அதை ஏதோ ஒரு உறவினரைப் பற்றிய பேச்சு என்று தாண்டிப் போயிருந்தோம்.

நீள மேஜைக்குப் போய்ச் சொன்னேன். அஃபிடவிட்டைப் பற்றியும் சொன்னேன். அவளுடைய கட்டுரை முழுவதும் இரண்டு சகோதரர்களைப் பற்றியது. அது உடையும்போது அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்கத் தயாராக நின்றேன். ஆபீஸில் பெரிய தப்பைக் கண்டுபிடித்தால் அதை எழுதியவரின் முகத்தை நான் பார்ப்பதில்லை. அன்று பார்த்தேன்.

அவள் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"எக்கா, நீங்க சரித்திரம் படிச்சிருக்கணும்."

அவள் பொய் சொல்லவில்லை. அதற்காகவும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

பொறுப்பாளர் அம்மாள் கூப்பிடப்பட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் பலகைகள் அத்தனையையும் மாற்ற வேண்டும், இரண்டு சுவர் ஒரு சுவராக வேண்டும், செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவைத்துவிடலாம் என்றார். நான் கண்டுபிடித்த தப்பு இரண்டு மாதமாக மாறுவதை அப்போதுதான் பார்த்தேன்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். அவர் முகம் பிரகாசமாக இருந்தது. என்னைப் பற்றிய பெருமை அதில் இருந்தது, சந்தேகமே இல்லை. எத்தனையோ நாளாக அவர் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

"ரெண்டு மாசம்தான். இத பாதியில விட்டுட்டு வர முடியாது. உனக்கு ஓகேதானே?"

பொறுப்பாளர் அம்மாள் என்னைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள், கையுறை போட்ட கைகளை மேஜை மேல் வைத்தபடி.

"ஓகே," என்றேன்.

காரில் திரும்பும்போதுதான் அந்தக் குமாஸ்தா நினைவுக்கு வந்தார். கணவரிடமிருந்து தனியே அழைத்துப்போய் விசாரித்தேன் என்று எழுதியவர். என்னைக் கேட்டதோ நீள மேஜைக்கு முன்னால், இரண்டு பேருக்கு நடுவில். சபையில் மனைவியின் மாட்டுக்காகப் பேசிய மனிதரைப் பற்றி மாதக்கணக்கில் படித்தவர் அப்படித்தான் கேட்டார்.

நான் கிளம்பும் நாளில் அவர்தான் ஏர்போர்ட்டுக்கு டிரைவ் பண்ணினார். ஃப்ரீவேயில் ஏறிய பிறகு கேட்டேன்.

"அவ ஏன் இப்பல்லாம் உங்கள அண்ணாச்சின்னு கூப்பிடறதில்ல?"

கண்ணாடியைப் பார்த்து லேன் மாறினார்.

"நான்தான் வேணாம்னு சொன்னேன். மளிகைக் கடை மாதிரி இருக்குன்னு."

"எப்ப?"

"தெரியல. முன்னாடியே. ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன். அவர் ரேடியோவைப் போட்டார். டெர்மினல் வரும் வரை இருவரும் ரேடியோவைக் கேட்டோம். இறங்கும்போது என் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றார். அவர் பொய் சொல்லவில்லை, எதையும் ஒளிக்கவில்லை, எதையும் தவறாகச் செய்யவில்லை. எப்படிப் பரிசோதித்தாலும் தேறுகிறவர். அதை எழுதி வைத்துப் பார்த்தாலும் எனக்கு அமைதி வருவதில்லை.

போன வாரம் ஆபீஸ் ஈமெயிலில் கண்காட்சிப் பலகைகளின் வரைவு வந்தது. படித்துப் பிழை பார்க்கச் சொல்லி அவர் அனுப்பியிருந்தார். ஒரே வாழ்க்கை, ஒரே சுவர். முதல் பலகையின் தலைப்பிலேயே இரண்டு எழுத்துகளும் சேர்ந்து அவருடைய முழுப் பெயர். அடிமைகளின் பெயர்கள் தனிப் பலகையில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு பெயரும் ஒரு வரியில். நன்றாகச் செய்திருக்கிறார்கள். திருத்த ஒன்றும் இல்லை.

கடைசிப் பலகையில் நன்றி. மூன்று பெயர்கள். அவர் பெயர், அவள் பெயர், என் பெயர். என் பெயருக்கு முன்னால் கே என்று இருந்தது.

அஃபிடவிட் கதையை நினைத்து, இது உன் சொந்த எழுத்து என்று எனக்கு மரியாதை செய்ய அப்படிப் போட்டிருக்கலாம். அதைச் செய்தது அவராக இருக்கலாம். அப்படியானால் கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்தவற்றில் அது நல்லதொன்று. அல்லது டைப் செய்தது அவளாக இருக்கலாம். அப்படியானால் அந்தப் பலகையில் என் பெயரில் அவருடைய எழுத்து இல்லை. போனில் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிழை எதுவும் இல்லை என்று பதில் எழுதி அனுப்பினேன்.

இப்போதைய நிலை இது. நான் எடிசனில் இரண்டு பெயர் எழுதிய அப்பார்ட்மென்ட்டில் இருக்கிறேன். அவர் ரிச்சர்ட்சனில் இருக்கிறார். கண்காட்சி அடுத்த மாதம் திறக்கிறது. ஊறுகாய் பாட்டில் அங்கேதான் இருக்கிறது. அவர் டிக்கெட் இன்னும் போடவில்லை.